இலையுதிர் காலம் நம்ம ஊர்ல எப்போ? பாலர் வகுப்புக்கு ஐந்து விளையாட்டுத் தாள்கள்



ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுப்பவர்கள், பாலர் பள்ளியில் உதவிக்குப் போகிறவர்கள், வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருப்பவர்கள் என்று எல்லாருக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். நான் பொறியியல் படிக்கிற மாணவன். ஜார்ஜ்டவுனில் ஞாயிறு காலையில் நான்கு முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பெரிய பிள்ளைகள் தேவாரம் படிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் சின்னதுகளைச் சும்மா உட்கார வைக்க முடியாது. அதனால் விளையாட்டுத் தாள்கள் அச்செடுத்துக் கொடுப்போம்.

செப்டம்பர் வந்தால் கிடைக்கிற தாள்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். மேப்பிள் இலை, பூசணிக்காய், அணில், ஓக் கொட்டை, வைக்கோல் பொம்மை. ஜோடி சேர்க்கலாம், எண்ணலாம், புள்ளி இணைக்கலாம், பிங்கோ ஆடலாம். வண்ணமும் வரைதலும் அழகாகத்தான் இருக்கும். எங்கள் வகுப்பில் ஆறு வயதுப் பையன் ஒருவன் அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இந்தச் செகப்பு இலை எங்க இருக்கு? நம்ம பிளாட்டு கீழ இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். பிறகு வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைக் காட்டி, "அது என்ன இலை?" என்று எல்லாரையும் கேட்டேன். "கிரீன் லீஃப்!" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

பிள்ளைகள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொடுத்த தாளில் இருந்ததை அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தாளில் எதைப் போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

படம் மாறினால் பாடமும் மாறும்

கட்டம் போட்டு விளையாடுவது நமக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் பல பழைய கோயில்களின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகளைச் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். 3 புலி, 15 ஆடு, கொஞ்சம் கோடுகள், அவ்வளவுதான். கல்லில் இருந்ததால் அதை எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் ஆடலாம். அந்தக் காலத்து 'பிரிண்ட்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல உதாரணம் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஆடுவார்கள். ஏணி நல்ல குணம், பாம்பு கெட்ட குணம், கடைசிக் கட்டம் இறைவனின் திருவடி. இந்திய விளையாட்டான இது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அவர்கள் ஊர் ஒழுக்கப் பாடங்களைப் படமாகப் போட்டார்கள். 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டு, விளையாட்டு மைதானத்துச் சறுக்குமரத்தைப் போட்டு விற்றது. கட்டமும் தாயமும் விதியும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆனால் ஒரு வீட்டில் அது முக்திக்கு வழி, இன்னொரு வீட்டில் சறுக்கி விளையாடும் பூங்கா.

ஆகவே விளையாட்டின் எலும்புக்கூடு யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் ஊர் சதையைப் போட்டுக்கொள்ளலாம். மேப்பிள் இலைத் தாளைச் செய்தவர் செய்ததும் அதுதான். தன் வீட்டு வாசலில் விழுந்ததை வரைந்தார். நாமும் நம் வாசலில் விழுவதை வரைவோம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். அவர் முறையில் இலை வடிவங்களை மரத்தில் வெட்டி வைத்திருப்பார்கள். பிள்ளை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, பிறகு வெளியே போய் அதே வடிவத்தை உண்மையான செடியில் தேடும். கையில் பார்த்ததை வெளியே தேடவேண்டும் என்றால் அது வெளியே இருக்கவேண்டும் அல்லவா? பினாங்கில் மேப்பிள் இலையை எங்கே போய்த் தேடுவது?

சரி, நம்ம ஊர்ல இலையுதிர் காலம் உண்டா?

முதலில் கொஞ்சம் அறிவியல். லண்டனில் கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேர வித்தியாசம். பகல் சுருங்கிக் குளிர் வரும்போது மரம் இலையிலிருந்து சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைந்து மஞ்சளும் சிவப்பும் வெளியே தெரிகின்றன. இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிபடலம் உண்டாகி இலை கழன்று விழுகிறது.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5.4 பாகையில் இருக்கிறது. கணக்குப் போட்டால் நம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 40 நிமிடம் கூட வித்தியாசம் வராது. அதனால் எல்லா மரமும் ஒரே நேரத்தில் உதிரும் காலம் நமக்கு இல்லை. ஆனால் இங்கே வறட்சிக்கு உதிரும் மரங்கள் இருக்கின்றன. அதில் ஒரு மரம் நம் குடும்பங்களுக்கு ரொம்ப நெருக்கம். அதுதான் பால்மரம்.

ரப்பர் விதை 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. அங்கே முளைத்த நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து, அதிலிருந்து பேராக்கின் கோலகங்சாருக்கும் போயின. பிறகு நடந்தது நம் தாத்தா பாட்டிகளின் கதை. தைப்பூசம் முடிந்த கையோடு, பொதுவாகப் பிப்ரவரி மார்ச் வாக்கில், பால்மரத்து இலை செம்பழுப்பாகி மொத்தமாக உதிரும். காடே வெளுத்துப் போகும். புது இலை வரும்வரை பால் குறையும், பால் குறைந்தால் சம்பளமும் குறையும். தோட்டத்தில் வெட்டுக்குப் போனவர்களுக்கு இலையுதிர் காலம் என்பது படப்புத்தகத்தில் பார்த்த அழகுக்காட்சி இல்லை. அது வீட்டுச் செலவைச் சுருக்கிய காலம்.

பிறகு ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் காய் முற்றும். ஒரு காயில் மூன்று அறை, ஒவ்வொரு அறையிலும் ஒரு கொட்டை. வெயிலில் காய்ந்ததும் 'டப்'பென்று வெடித்துக் கொட்டை பல மீட்டர் தள்ளிப் போய் விழும். புள்ளி போட்ட அந்த வழவழப்பான கொட்டைகளைப் பொறுக்கிப் பல்லாங்குழி ஆடியவர்கள் நம் அத்தை, மாமாக்கள். மலாய்ப் பிள்ளைகள் அதே கொட்டையை வைத்துச் சொங்காக் ஆடினார்கள். இதை எழுதும்போது என் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு கொட்டைய ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அடிப்போம், ஒடையாதது யாருதோ அவந்தான் ராஜா" என்று சேர்த்துச் சொல்கிறார்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை நம் நாள்காட்டியில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. அதில் ஆவணி, புரட்டாசி கார்காலம், ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். வடமொழி மரபில் இந்தப் பருவத்துக்குச் சரத் ருது என்று பெயர். நாம் கொண்டாடும் நவராத்திரிக்குச் சாரதா நவராத்திரி என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். புரட்டாசி விரதம், நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை விளக்கு எல்லாம் இந்தக் காலத்தில் வருகின்றன. பினாங்கில் மழை கூடுவதும் இப்போதுதான். ஒரு பாலர் வகுப்புக்கு இதைவிட வேறு என்ன வேணும்?

அச்செடுக்கும் முன்

1. அளவு. ஏ4 தாளை நான்கு தடவை பாதிப் பாதியாக மடித்தால் 16 சம அட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏ8 அளவு, அதாவது 52 × 74 மில்லிமீட்டர். ஏ வரிசைத் தாள்களில் நீளத்தை அகலத்தால் வகுத்தால் எப்போதும் சுமார் 1.414 வரும். அதனால் பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாது. ஸ்கேல் வேண்டாம், மடித்த கோட்டில் வெட்டினால் போதும். ஐந்து வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்கு அந்த அட்டை சரியாக இருக்கும்.

2. தாள். சாதாரண 80 கிராம் தாளில் பின்பக்கம் படம் தெரிந்துவிடும். கவிழ்த்து ஆடும் ஆட்டத்துக்கு அது ஆகாது. 160 கிராமுக்கு மேல் உள்ள அட்டைத்தாள் வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

3. படம். வரையத் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். உண்மையான இலையைத் துடைத்துக் காயவைத்து, ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் வைத்து நகலெடுத்தாலே நரம்பு வரை விழும். கறுப்பு வெள்ளையாக இருக்கட்டும். மையும் மிச்சம், வண்ணம் தீட்டுவதும் பிள்ளைக்கு ஒரு வேலை.

4. எழுத்து. சொல் எழுதினால் பெரிதாக, குறைந்தது 28 புள்ளி அளவில் எழுதுங்கள். ல, ள, ழ மூன்றும் தெளிவாகப் பிரிந்து தெரிகிற எழுத்துருவாகப் பாருங்கள். கடைக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் தமிழ் எழுத்து கட்டமாக உடையாது.

5. பாதுகாப்பு. மூன்று வயதுக்கும் குறைந்த பிள்ளை அறையில் இருந்தால் கடலை, கொட்டை, சின்ன மூடி எதுவும் காயாக வேண்டாம். தொண்டையில் சிக்கும். அவர்களுக்குப் பெரிய அட்டைத் துண்டுகள் போதும். ரப்பர் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், பிறகு கை கழுவச் சொல்லுங்கள்.

தாள் 1: இலை ஜோடி (4 வயதிலிருந்து)

எட்டு இலை, ஒவ்வொன்றும் இரண்டு. மொத்தம் 16 அட்டை, ஒரே ஏ4 தாளில் முடிந்துவிடும். நான் எடுத்தவை மாவிலை, வெற்றிலை, வேப்பிலை, துளசி, வில்வம், அரசிலை, வாழையிலை, பால்மர இலை.

நான்கு வயதுக்கு நான்கு ஜோடி மட்டும், திறந்தே வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து, ஆறு வயதுக்கு எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து இரண்டிரண்டாகத் திறக்கலாம். ஏழு வயதுக்கு ஒரு அட்டையில் படம், அதன் ஜோடியில் தமிழ்ச் சொல்.

இதில் வில்வத்தையும் பால்மரத்தையும் வேண்டுமென்றே சேர்த்தேன். இரண்டும் ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. சிவன் கோயிலில் அர்ச்சனைக்கு வருவது எது, தாத்தா வேலை செய்த காட்டில் நின்றது எது என்று பிள்ளைகள் உற்றுப் பார்த்தே பிரிக்கவேண்டும். ஓரத்தைப் பாருங்கள், அளவைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள், விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். அரசிலையை யாரும் மறப்பதில்லை, அதற்கு வால் இருக்கு!

தாள் 2: உயிரெழுத்து விளக்கு (5 வயதிலிருந்து)

எண் போட்ட புள்ளிகளை இணைத்துப் பூசணிக்காய் வரைவது எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு. நம் வீட்டு வாசலில் புள்ளிக்கோலம் போடுகிற அம்மாவும் தினமும் புள்ளியோடுதான் வேலை செய்கிறார். இரண்டையும் சேர்த்துவிடலாம்.

ஒரு அகல் விளக்கின் ஓரத்தில் 12 புள்ளிகள் வையுங்கள். எண்ணுக்குப் பதிலாக அ முதல் ஔ வரை எழுதுங்கள். வரிசையாக இணைத்தால் விளக்கு வரும். சுடர் எங்கே? மேலே ஃ. ஆய்த எழுத்தே மூன்று புள்ளிதான். அந்த மூன்றையும் இணைத்தால் சுடர் ஏறிவிடும். ஆய்த எழுத்தை எப்படி நினைவில் வைப்பது என்று திணறும் பிள்ளைக்கு அது விளக்கின் சுடர் என்று ஒருமுறை பதிந்தால் போதும். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் இதே தாள் பயன்படும்.

முடித்தவர்களுக்குப் பின்பக்கத்தில் 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி அச்சடித்து வையுங்கள். "வீட்டில் யாருக்குக் கோலம் தெரியுமோ அவரிடம் ஒரு கோலம் வாங்கிக்கொண்டு வா" என்று கீழே ஒரு வரி எழுதினால் அதுவே வீட்டுப்பாடம்.

தாள் 3: நவராத்திரி ஒன்பது கட்டம் (4 வயதிலிருந்து)

நவராத்திரிக்கு ஒன்பது இரவு, பிங்கோவுக்கு மூன்றுக்கு மூன்று ஒன்பது கட்டம். தானாகவே பொருந்துகிறது. 12 படங்கள் தேர்ந்தெடுங்கள். கொலுப்படி, வீணை, அகல், சுண்டல், வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், தாமரை, புத்தகம். ஒவ்வொரு அட்டையிலும் இதில் 9 மட்டும். 12இல் 9ஐ 220 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், ஆகவே எவ்வளவு பெரிய வகுப்பாக இருந்தாலும் ஒருவர் அட்டை போல இன்னொருவருக்கு வராது.

அழைப்பவர் சொல்லைக் கூப்பிடாமல் விடுகதை மாதிரி கூப்பிடட்டும். "வெளியில மட்டை, உள்ள ஓடு, ஓட்டுக்குள்ள தண்ணி!" என்றால் தேங்காய். பாக்கு வரும்போது நிறுத்தி, நம் தீவின் பெயரே பாக்கிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். மலாயில் பினாங் என்றால் பாக்கு. எங்கள் வகுப்பில் அன்றைக்கு எல்லாரும், "அப்போ நாம எல்லாம் பாக்கு ஊர்க்காரங்களா?" என்று சிரித்தார்கள். காய்க்கு ஊறவைக்காத கொண்டைக்கடலை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் சாப்பிட வேகவைத்த சுண்டல் தனியாக இருக்கட்டும்.

தாள் 4: உதிரும் பால்மரம் (5 வயதிலிருந்து; அண்ணன் அக்காவுக்கும்)

கிளைகள் மட்டும் உள்ள ஒரு மரம் வரைந்து 12 வட்டம் போடுங்கள். வட்டத்தின் மேல் 12 காகித இலைகளை வையுங்கள். சின்னவர்கள் தாயக்கட்டை உருட்டி விழுந்த எண்ணுக்கு இலை எடுப்பார்கள். "எத்தனை விழுந்தது? மரத்தில் மிச்சம் எத்தனை?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். கழித்தல் தானாக வரும்.

பெரியவர்களுக்குத் தாயம் கிடையாது. இருவர் மாறி மாறி 1, 2 அல்லது 3 இலை எடுக்கவேண்டும், கடைசி இலையை எடுப்பவர் வெற்றி. இதற்குள் ஒரு இரகசியம் இருக்கு. 12 இலையில் தொடங்கினால் இரண்டாவதாக ஆடுபவர் எப்போதும் ஜெயிக்கலாம். எதிராளி 1 எடுத்தால் நீங்கள் 3, அவர் 2 எடுத்தால் நீங்கள் 2, அவர் 3 எடுத்தால் நீங்கள் 1. ஒவ்வொரு சுற்றிலும் 4 போகும், மூன்றாவது சுற்றில் கடைசி இலை உங்கள் கைக்கு வரும். இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளையாவது தானே கண்டுபிடிக்கும். அந்த முகத்தைப் பார்க்கக் காத்திருக்கலாம்.

தாள் 5: குட்டிப் பரமபதம் (6 வயதிலிருந்து)

பெரிய பலகை சின்னப் பிள்ளைக்கு நீளம், பாதியில் எழுந்து ஓடிவிடும். 25 கட்டம் போதும். ஒரு உருட்டலுக்குச் சராசரி 3.5 என்று வைத்தால் ஏழெட்டு உருட்டலில் ஆட்டம் முடியும். ஏணிகள் 3இலிருந்து 11, 6இலிருந்து 17, 13இலிருந்து 22. பாம்புகள் 20இலிருந்து 9, 24இலிருந்து 14. பாம்பு குறைவாக இருக்கட்டும்.

ஏணியின் அடியில் அந்தந்தப் பிள்ளை உண்மையில் செய்யக்கூடிய காரியத்தை எழுதுங்கள். 'வாசலில் விழுந்த இலையைக் கூட்டினேன்', 'சுண்டலைப் பகிர்ந்து கொடுத்தேன்', 'பாட்டிக்கு மூக்குக்கண்ணாடி தேடிக் கொடுத்தேன்'. பாம்பின் வாயில் 'துளசியைச் சும்மா பிய்த்தேன்', 'தம்பி பொம்மையை ஒளித்து வைத்தேன்'. பாம்பு விழுங்கினால் பிள்ளை கீழே இறங்கி, அதை எப்படிச் சரிசெய்வேன் என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்லட்டும். சொன்னால் ஒரு கட்டம் மேலே. பயமுறுத்துவதற்காக நாம் பாம்பை வைக்கவில்லை. இறங்கினாலும் திரும்ப ஏறலாம் என்பதுதான் பரமபதத்தின் பாடம்.

தாளை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்

ஐந்து தாளும் ஆடி முடித்த பிறகு ஒரு ஞாயிறு வகுப்பறையைப் பூட்டிவிட்டு நடையாகப் போங்கள். தண்ணீர்மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா பக்கத்திலேயே இருக்கு. மற்றவர்களுக்குக் கோயில் வளாகமோ தாமானுக்குள் இருக்கிற திடலோ போதும். ஒரு தேடல் பட்டியல் மட்டும் கையில் இருக்கட்டும்.

சிவந்த வாதாமர இலை ஒன்று. மலாயில் கெத்தாப்பாங் என்பார்கள், கடற்கரை ஓரம் நிறைய இருக்கும். விழும் முன் அதன் இலை நன்றாகச் சிவக்கும், மேப்பிளுக்குக் கொஞ்சமும் குறையாத சிவப்பு. பிறகு தூங்குமூஞ்சி மரம் ஒன்று. மாலையில் இலையை மடித்துத் தூங்கும், மலாயில் 'பூக்குல் லீமா', ஐந்து மணி மரம் என்ற பெயரும் உண்டு. மழை மேகம் கூடினாலும் மடித்துக்கொள்ளும். பிறகு மூன்று சிற்றிலை உள்ள ஏதாவது ஒன்று, ஓரம் பல்பல்லாக உள்ள ஒன்று, வாசனை வரும் ஒன்று. விதி ஒன்றே ஒன்று. விழுந்ததை மட்டும் பொறுக்கலாம், கிள்ளக்கூடாது.

ஒரு கடைசிக் கட்டம்

எல்லாத் தாளின் கீழ்ப்பகுதியிலும் ஒரு காலிக் கட்டம் விடுங்கள். அதற்கு 'பாட்டி தாத்தாவிடம் கேள்' என்று பெயர். பால்மரத் தாளில், "இலை உதிரும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" விளக்குத் தாளில், "உங்கள் தோட்டத்துக் கோயிலில் கார்த்திகைக்கு என்ன செய்வார்கள்?" பிள்ளைக்கு எழுதத் தெரியாவிட்டால் படமாக வரையட்டும், அம்மா அப்பா எழுதிக் கொடுக்கட்டும்.

தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. வெட்டுக்கத்தி பிடித்த கைகள் இப்போது அடுக்குமாடியில், பத்தாவது மாடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவர்களிடம் தமிழில் பேச நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல் குறைந்துகொண்டே வருகிறது. பேச விஷயமும் குறைகிறது. ஒரு பிள்ளை காகிதத்தோடு போய், "பாட்டி, இது பால்மரத்து இலையா?" என்று கேட்டால் பேச்சு தொடங்கிவிடும். எங்கள் வகுப்பில் அப்படி ஒரு தாள் திரும்பி வந்தது. அந்தக் கட்டத்தில், 'பால் குறையும் மாசத்துல உங்க கொள்ளுத்தாத்தா கடன் சொல்லித்தான் அரிசி வாங்குவாரு' என்று ஒரு பெரியவர் சொல்ல, பேரன் அப்பாவை எழுத வைத்திருந்தான். அதைப் பாடப்புத்தகத்தில் எங்கேயும் படிக்க முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார்கள்?

மேப்பிள் இலையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் நாளைக்கு லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் படிக்கப் போவார்கள், அந்தச் செந்நிறக் காட்டைக் கண்ணால் பார்ப்பார்கள். அதையும் கற்றுக்கொடுப்போம். முதலில் மாவிலையும் வில்வமும் பால்மரமும் தெரியட்டும், அடுத்தது மேப்பிள்.

வரும் ஞாயிறு தொடங்க ஒரு ஏ4 அட்டைத்தாளும், எட்டு இலையும், ஒரு கத்தரிக்கோலும் போதும். இலை ஜோடியை முதலில் செய்யுங்கள். வாசலில் என்ன விழுந்து கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, என் எட்டு இலைகளில் உங்கள் பக்கம் இல்லாததை மாற்றிக்கொள்ளுங்கள். புக்கிட் மெர்தாஜாமில் இருப்பவருக்கு ஒன்று, பாயான் லெப்பாசில் இருப்பவருக்கு வேறொன்று கிடைக்கும். உங்கள் வகுப்பில் அந்தக் காலிக் கட்டங்கள் நிரம்பி வந்தால் பத்திரமாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.